‘பெட்ரோல் லாரி’ அப்பாண்டைராஜ்

காலையில் கடையின் ஷட்டரை முழுதாக ஏற்றுவதற்குள் முருகேசன் வந்துவிட்டான். வழக்கமாகப் படியேறி உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறவன், அன்று சாலையிலேயே நின்றான். “அண்ணன் பூட்டாரு” என்றான். எந்த அண்ணன் என்று நான் கேட்கவில்லை. சில நாட்களாகவே அந்தச் செய்தி விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்கு வரும் வழியில்தான் இருந்தது. காய்ச்சல் இறங்கவில்லை, சிறுநீர் பிரியவில்லை என்று அவருடைய மனைவி சுனந்தா அண்ணி தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேல்சித்தாமூர் அப்பாண்டைராஜைத் தெரியாத விவசாயி இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. ஆழ்துளைக் கிணற்றுக்குள் மோட்டார் நின்றுபோனால், அதை மேலே தூக்கித் தருவது அவர் தொழில். ராணுவ ஏலத்துக்கு வந்த ஒரு பழைய பெட்ரோல் லாரியை நானும் அவரும் கூட்டாக வாங்கி, பின்னால் இரும்புச் சட்டமும், எஞ்சின் சக்தியில் சுற்றும் டிரம்மும், எஃகுக் கயிறும் பொருத்தினோம். மற்றவர்கள் எல்லாரும் டீசல் வண்டி வைத்திருந்ததால் ஊர் இவருக்குப் ‘பெட்ரோல் லாரி’ என்று பெயர் வைத்தது. பைப்பும் மோட்டாரும் விற்கும் என் கடைக்கு அழைப்பு வரும். அவர் லாரியோடு போவார். கிணற்றின் வாயில் வேலை செய்ய முருகேசன் போவான்.

அந்த வேலையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டாரோடு சேர்ந்த பைப்புகள் ஒவ்வொரு நீளமாக மேலே வரும். ஒரு நீளம் வந்ததும், அடுத்த பைப்பைக் கிணற்றின் வாயில் ஓர் இரும்புக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, மேலே வந்ததைக் கழற்ற வேண்டும். கிளாம்ப் உட்காரும்வரை மொத்தப் பாரமும் கயிற்றில்தான் தொங்கும். எஞ்சின் நின்றுவிட்டால் டிரம்மைப் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு பிரேக். அதன் லீவர் ஓட்டுநர் இருக்கைக்கு இடது பக்கம் இருந்தது. பாரம் ஒரு சாண் நழுவினால் போதும், கிளாம்புக்குக் கீழே இருக்கும் முருகேசனின் விரல்கள் போய்விடும்.

அப்பாண்டைராஜ் சமணர். கிணற்று மூடியைத் திறந்ததும் சுத்தியலால் பைப்பை மெதுவாகத் தட்டுவார். உள்ளே ஒதுங்கியிருக்கும் தவளையும் பல்லியும் வெளியேறக் காத்திருப்பார். வயல்காரர்கள் பொறுமையிழப்பார்கள். பயிர் காய்கிற நேரத்தில் தவளைக்கு வழிவிடும் மனிதரைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதல்ல. “அதுவும் தண்ணிக்குத்தாங்க வந்துக்கீது” என்பார். அதற்கு மேல் அவரிடம் யாரும் வாதாடியதில்லை.

லாரிக்கு வயதாகிவிட்டது. கோடையில் செஞ்சிக் கோட்டைப் பாறைகளின் சூடு வயல்வரை வந்து அடிக்கும்போது, கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகிவிடும். எஞ்சின் திணறி இருமத் தொடங்கும். அந்த இருமலை அவர் மற்ற எவரையும்விட முன்னால் கேட்டுவிடுவார். “கைய எடு” என்று குரல் கொடுத்துவிட்டு பிரேக்கைப் பிடிப்பார். அதன்பிறகுதான் எஞ்சின் நிற்கும். ஈரத்துணியைக் குழாயில் சுற்றி, காத்திருந்து, மறுபடி கிளப்புவோம். இப்படி எத்தனையோ முறை நடந்தது. ஒருமுறைகூட முருகேசனுக்குக் கீறல் விழவில்லை.

ஆனால் இரண்டு கோடைகளாக வண்டிக்குள் பெட்ரோல் வாடை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அந்த லாரியில் எஞ்சின் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தால் கண் எரியும். திண்டிவனத்து மெக்கானிக் ரஹீம் பாய் கார்புரேட்டரைப் பிரித்துக் காட்டினார். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்துத் தின்றுவிடுகிறது என்றார். புதிதாகப் போட்ட ரப்பரும் சில மாதங்களில் கொழகொழத்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து, கார்புரேட்டரை எடுத்துவிட்டு, மின்சாரத்தால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் போட்டுவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ரஹீம் பாய் தன்னால் முடியும் என்றார். வேறொரு பழைய வண்டிக்கு அவர் செய்திருந்ததைப் போய்ப் பார்த்தோம். தொட்டவுடன் கிளம்பியது, வெயிலிலும் சத்தம் மாறவில்லை. அப்பாண்டைராஜ் அதன் அருகில் வெகுநேரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“பாய், இதுக்கு கரண்ட்டு போச்சுன்னா இன்னா ஆவும்?”

“நின்னுடும்.”

“சொல்லிட்டு நிக்குமா?”

ரஹீம் பாய்க்குக் கேள்வி புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. “இல்லீங்க. ஒரு ஒயர் கழண்டாக்கூட பட்டுனு நின்னுடும்.”

திரும்பி வரும் வழியில் அப்பாண்டைராஜ் என்னிடம் சொன்னார்: “நம்ம வண்டி சாவறதுக்கு முன்ன இருமுது தம்பி. அந்த இருமல்லதான் முருகேசன் விரலு இருக்குது.” பெட்ரோல் வாடை ஒருநாள் தீயாகிவிடும் என்று நான் சொன்னேன். அதையும் ஒப்புக்கொண்டார். தீயா, பாரம் நழுவுவதா, எது முதலில் வரும் என்றுதான் தனக்குத் தெரியவில்லை என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ ஒன்று வரப்போகிறது, வழியை மட்டும் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுபோல அது இருந்தது.

மறுநாள் கடையில் முருகேசனை உட்கார வைத்து, இரண்டு பக்கத்தையும் அவரே விளக்கினார். கிணற்றின் வாயில் இருப்பவன் அவன், அவன் சொல்லட்டும் என்றார். முருகேசனை அதுவரை இப்படி யாரும் கேட்டதில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, “வண்டி நின்னா இன்னாண்ணா, நிக்கட்டும். பைப்பு கீழ போறதுதான் எனக்கு பயம்” என்றான். அப்பாண்டைராஜ் சட்டென்று நிமிர்ந்தார். அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது பிரேக்கை என்றார். ஆள் பிடிக்காவிட்டாலும் டிரம்மைத் தானாகப் பிடிக்கிற இன்னொரு பிரேக், அதன்பிறகு இன்ஜெக்‌ஷன், இரண்டையும் ஒன்றாகவே செய்துவிடுவது என்று அன்று முடிவானது. வண்டி பல வாரம் பட்டறையில் நிற்கும். அதனால் ஆடி மாதம் செய்வோம் என்று தள்ளிவைத்தோம். கோடையில்தான் மோட்டார்கள் எரியும். அப்போது லாரியைப் பட்டறையில் விட்டால் எத்தனையோ வயல்களில் கரும்பும் மணிலாக் கடலையும் கருகிவிடும். அழைத்தவர்களுக்கு முடியாது என்று சொல்ல எங்கள் மூன்று பேருக்குமே மனம் வரவில்லை.

அந்தக் கோடையில் அவர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். புறப்படுமுன் எஞ்சின் பெட்டியைத் திறந்து குழாயை விரலால் தடவி முகர்வார். வண்டியில் யாரையும் பீடி பற்றவைக்க விடமாட்டார். என்னை ஏற விடமாட்டார், பஸ்ஸில் வரச் சொல்வார். சுனந்தா அண்ணி ஒருநாள் என்னிடம், “சாப்டும்போதுகூட எதையோ கேட்டுக்கினே இருக்காரு தம்பி, இன்னான்னு கேட்டா ஒன்னுமில்லன்றாரு” என்றார்.

அது நடந்தது தளவானூர்ப் பக்கம் ஒரு மணிலாக் கொல்லையில், பிற்பகலில். நான் மோட்டாருக்கான புது ஒயரோடு பஸ்ஸில் போய் இறங்கி, வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். காற்று சுத்தமாக இல்லை. எஞ்சின் சத்தம் தூரத்திலிருந்தே கேட்டது, ஒரே சீராக இருந்தது. அதைக் கேட்டு நிம்மதிகூட அடைந்தேன். அப்புறம் வாடை வந்தது. நான் குரல் கொடுப்பதற்குள் லாரியின் முன்புறக் கண்ணாடிக்கு உள்ளே வெளிச்சம் ஏறியது. நெருப்பென்று ஒரு கணம் எனக்குத் தோன்றவில்லை. வெயில்தான் கண்ணாடியில் அடிக்கிறது என்று நினைத்தேன்.

கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் ஊசி சிக்கிக்கொண்டது என்று பிறகு ரஹீம் பாய் சொன்னார். பெட்ரோல் பொங்கி, கொதிக்கிற இரும்பில் வழிந்து பற்றியிருக்கிறது. எஞ்சின் திணறவில்லை, இருமவில்லை. அப்பாண்டைராஜ் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டார். ஆனால் அந்த நேரம் முருகேசன் கிளாம்பை இன்னும் இறுக்கவில்லை. அவன் இரண்டு கைகளும் பைப்புக்கு அடியில் இருந்தன. பாதி மாட்டிய கிளாம்போடு பைப்பு விழுந்தால், கையை எடுத்தாலும் அது அவனை அடித்துவிடும். பிரேக் லீவரை ஒட்டித்தான் தகரப் பெட்டி, பெட்டிக்குள்தான் நெருப்பு.

“எறங்குண்ணா, எறங்குண்ணா” என்று முருகேசன் கதறினான்.

“நீ கைய எடு” என்றார். அதட்டவில்லை, வழக்கமான குரலில்தான் சொன்னார். “போல்ட்ட முறுக்கிட்டு எடு. நான் புடிச்சிக்கினுதான் இருக்கேன்.”

முருகேசன் முறுக்கினான். நான் ஓடிக்கொண்டிருந்தேன். வரப்பு முடியவே மாட்டேன் என்றது. “உக்காந்துச்சா?” என்று அவர் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. “உக்காந்துச்சுண்ணா” என்று பதில் வந்த பிறகுதான் கதவு திறந்தது. இறங்கியவர் இரண்டடி வைத்து மண்ணில் உட்கார்ந்தார். கொல்லைக்காரர் நனைத்த சாக்குகளைக் கொண்டுவந்து போட்டார். நாங்கள் மண்ணை வாரி வாரி எஞ்சின் மேல் இறைத்தோம். அவருடைய இடது கையும் இடது காலும் எப்படி இருந்தன என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

விழுப்புரத்தில் மருத்துவமனைக் கட்டிலில் அவர் படுத்திருந்தபோதும் சமண வழக்கப்படி பொழுது சாய்ந்த பிறகு எதையும் உண்ணவில்லை. ஜன்னல் திரையைத் திறந்து வைக்கச் சொல்லி, வெளிச்சத்தைப் பார்த்தே கஞ்சி கேட்பார். சத்தில்லாமல் புண் ஆறாது என்று மருத்துவர் சொல்லிப் பார்த்தார். பகலிலேயே இரண்டு மடங்கு சாப்பிடுகிறேன் என்று இவர் சமாதானம் சொன்னார். சொன்னபடி சாப்பிடவும் செய்தார். முதல் சில நாட்கள் தேறி வருகிறார் என்றே நம்பினோம். அப்படி ஒரு மாலையில் என்னை அருகில் அழைத்தார்.

“இன்ஜெக்‌ஷன் போட்டுடு தம்பி. பிரேக்க முன்ன மாத்து, ஆடி வரைக்கும் பாக்காத. இருமல நம்பிக்கினு உக்காந்திருந்தேன். இந்த வாட்டி அது இருமல.”

மறுநாள் முதல் காய்ச்சல் ஏறியது.

அவரை அறிந்த உங்களில் பலர், அப்போதே மாற்றியிருந்தால் அவர் இருந்திருப்பார் என்று என்னிடம் சொல்லிவிட்டீர்கள். இருக்கலாம். பழைய பிரேக்கோடு இன்ஜெக்‌ஷனை மட்டும் மாற்றி, ஒரு ஒயர் கழன்ற வேளையில் முருகேசனின் கைகள் போயிருக்கவும்கூடும். மேல்சித்தாமூரில் அவரை எரியூட்டிவிட்டுத் திரும்பும்போது முருகேசன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். அவனிடம் இதைப் பற்றி யாரும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

லாரியை விற்றுவிடலாம் என்று நான் நினைத்தேன். சுனந்தா அண்ணி சம்மதிக்கவில்லை. “அவரு சொன்னத செஞ்சிடு” என்று மட்டும் சொன்னார். ரஹீம் பாய் பெட்ரோல் குழாயிலிருந்து இன்ஜெக்‌ஷன் வரை எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார். டிரம்முக்கு இன்னொரு பிரேக்கும் வந்துவிட்டது. போன வாரம் முதல் வேலைக்குப் போனோம். ஓட்டுநர் இருக்கையில் நான் உட்கார்ந்தேன். எஞ்சின் சீராக ஓடியது. வெயில் ஏறியும் சத்தம் மாறவில்லை. அந்தச் சீரைக் கேட்கக் கேட்க எனக்குப் பயம் கூடியது, லீவர்மேலேயே கையை வைத்திருந்தேன். முருகேசனும் குனிந்த இடத்திலிருந்து இரண்டு மூன்று முறை என் பக்கம் பார்த்தான்.

அப்பாண்டைராஜ் அண்ணன் விட்டுப்போனதில் என் பங்குக்கு வந்திருப்பது இந்தப் பயம்தான். இது என்னை விட்டுப் போக வேண்டாம் என்றே நினைக்கிறேன். புதிய பிரேக் ஆள் இல்லாமலே பிடித்துக்கொள்ளும் என்று ரஹீம் பாய் பலமுறை இயக்கிக் காட்டிவிட்டார். இருந்தும், “கைய எடுத்துட்டேண்ணா” என்று முருகேசன் குரல் கொடுக்கும்வரை நான் லீவரை விடுவதில்லை.