வீட்டுக்கு வந்து போன சேலைக் கட்டுகள்

கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து லொறியில் வரும் சேலைக் கட்டுகள் கண்டி நகரத்திலிருந்த எங்கள் புடவைக்கடைக்கு நேரே போவதில்லை. முதலில் அம்பிட்டியவிலிருந்த எங்கள் வீட்டுக்குத்தான் வரும். கதிரைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, முன் அறையில் பாயை விரித்து, அப்பா சணல் கயிற்றை வெட்டுவார். புதுத் துணியின் கஞ்சி வாசம் குசினிவரைக்கும் போகும். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சேலையாக எடுத்துப் பார்த்து, தனித்தனியாக அடுக்குவார். பிறகு ஊசியை எடுத்து, சேலையின் மூலையில் ஒன்றோ இரண்டோ சின்னத் தையல் போடுவார். அப்பா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பார். அம்மா பார்க்காத சேலை எங்கள் கடை அலுமாரியில் ஏறியதே இல்லை.

இதை வைத்து அப்பாவைக் கேலி செய்யாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. எதிரே பாத்திரக்கடை வைத்திருந்த முதலாளி, அப்பா தேநீர் குடிக்க வெளியே வந்தாலே, "என்ன, வீட்டுல உத்தரவு வாங்கிட்டீங்களா?" என்பார். பொண்டாட்டி பேச்சைத் தட்டாத மனுசன் என்று அவருக்குப் பெயர். அதற்குத் தகுந்தமாதிரிதான் அப்பாவும் நடந்துகொண்டார். தீபாவளி வியாபாரம் தலைக்குமேல் இருக்கும் நாளிலும் மதியச் சோற்றுக்குப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவார். பிள்ளைகள் எங்கள் நாலு பேரில் யாருக்காவது காய்ச்சல் என்றால், கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டாலும் கட்டிலை விட்டு எழும்பமாட்டார். எனக்கும் தங்கைக்கும் காலையில் தலை பின்னிவிடுவதும் அவர்தான். கண் இழுபடும்படி இறுக்கிப் பின்னுவார். ரிப்பன் கட்டும் வேலையை மட்டும் அம்மா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருநாள் அம்மா குளிக்கப்போன நேரத்தில் அப்பாவே கட்டிவிட, ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் பச்சையுமாக நான் பள்ளிக்கூடம் போனேன். வகுப்பே சிரித்தது. அப்பாவுக்குக் கவனமே போதாது என்று அன்றைக்குத் தங்கையிடம் பெரிய மனுசிபோல் அலுத்துக்கொண்டேன்.

எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, அத்தையின் பிரசவத்துக்காக அம்மா ஒரு வாரம் வத்தேகமவுக்குப் போயிருந்தார். பள்ளி விடுமுறை. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். விற்பனையாட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் கல்யாணச் சேலை எடுக்க வந்தது. சிவப்பு வேண்டும் என்றார்கள். காலையிலிருந்து பிரித்துக் காட்டிய சேலைகள் மேசைமேல் கலந்து கிடந்தன. அப்பா அதிலிருந்து ஒன்றை உருவி, விரித்துப் பிடித்து, "நல்ல சிவப்புங்க, பொண்ணுக்கு எடுப்பா இருக்கும்" என்றார்.

"முதலாளி, இது பச்சைங்களே!" என்றார் பெண்ணின் தாய்.

ஒரு கணம் அப்பாவின் கை அப்படியே நின்றது. உடனே சிரித்துச் சமாளித்து, "பச்சையும் ஒண்ணு எடுத்துக்கங்க, மறுவீட்டுக்கு ஆகும்" என்றார். அவர்களும் சிரித்தார்கள். இரண்டையுமே எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் அப்பாவின் மேலுதட்டில் வியர்த்திருந்ததை நான் கண்டேன்.

அம்மா திரும்பி வந்ததும் இதைப் பெரிய பகிடியாகச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்கப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். பொறந்ததுல இருந்தே அப்படித்தான்" என்றார். கல்யாணமான புதிதில் தன் பச்சைச் சேலையைப் பார்த்து, இந்தச் சிவப்பு உனக்கு நல்லாருக்கு என்று அப்பா சொன்னபோதுதான் அம்மாவுக்கே தெரியவந்ததாம். தாத்தா விட்டுப்போன கடை. அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது. அன்றிலிருந்துதான் கட்டுகள் வீட்டுக்கு வரத் தொடங்கின. மூலையில் ஒரு தையல் என்றால் சிவப்பு, இரண்டு என்றால் பச்சை. அப்பா விரலால் தடவியே எடுத்துக் கொடுத்துவிடுவார். மேசைமேல் எல்லாம் கலந்து, ஆட்கள் அவசரப்படுத்தினால்தான் பிசகும்.

"புடவைக்கடை முதலாளிக்கு நிறம் தெரியாதுன்னு தெருவுக்குத் தெரிஞ்சா, நாளைக்கு எந்தப் பொண்ணோட அம்மா நம்பி உள்ள வருவா? நீ வாய் தொறக்கக் கூடாது" என்றார் அம்மா. நான் திறக்கவில்லை. எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்கும் தெரியாது.

தெருவின் கேலியை அவர் ஏன் அவ்வளவு சந்தோசமாக வாங்கிக்கொண்டார் என்பது அதற்குப் பிறகு விளங்கியது. பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்று சிரிக்கிறவர்கள் வேறு காரணம் தேடமாட்டார்களே. கெட்டிக்கார மனுசன் என்று அப்போது நினைத்தேன். இன்றைக்குக் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள், எனக்கும் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்போது யோசித்தால், நிறம் தெரிந்திருந்தாலும் அந்தக் கட்டுகளை அப்பா வீட்டுக்குத்தான் கொண்டுவந்திருப்பார் என்று தோன்றுகிறது. ஒரு சேலையைத் தோளில் போட்டு அம்மா எப்படி என்று கேட்கும்போது அப்பாவின் முகத்தைப் பார்த்தவள் நான்.

கடை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அம்மா மூன்று மாதம் படுக்கையில் கிடந்து, ஒரு விடியற்காலையில் போய்விட்டார். வீடு ஆட்களால் நிறைந்துவிட்டது. சுமங்கலியாகப் போனவளுக்குச் சிவப்புச் சேலை போர்த்த வேண்டும் என்றார் அத்தை. கடை ஆட்கள் ஓடிப்போய் எடுத்து வருவதாகச் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. "நானே போய் எடுத்துட்டு வாறேன்" என்று புறப்பட்டுவிட்டார்.

அலுமாரியில் தையல் போட்ட சேலைகள் எத்தனையோ இருந்தன. அவர் அவற்றைத் தொடவில்லை. அம்மா படுத்த பிறகு நேரே கடைக்கு வந்து, பிரிக்காமலே கிடந்த புதுக் கட்டைப் பிரித்திருக்கிறார். புதிதாக வந்ததை முதலில் பார்க்க வேண்டியவர் அம்மா அல்லவா. கரையும் சரிகையும் ஒரேமாதிரி இருந்த இரண்டு சேலைகளை கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் நின்றார். பாத்திரக்கடை முதலாளி உட்பட அந்தத் தெருவே அங்கே உட்கார்ந்திருந்தது. யாரும் கவனிப்பதற்குமுன் சிவப்பை வாங்கிவிடலாம் என்று ஓடிப்போய்க் கை நீட்டினேன். அப்பா கொடுக்கவில்லை.

"எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "முப்பது வருசமா இவதான் பாத்துச் சொன்னா. இதுல எது சிவப்புன்னு யாராவது சொல்லுங்க. இவளுக்குப் போத்துறது பிசகிறக் கூடாது."

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவருடைய வலது கையிலிருந்த சேலையைத் தொட்டு, "இதுதாம்ப்பா" என்றேன்.

அவர் அதை என் முகத்துக்குக் கிட்டே உயர்த்திப் பிடித்தார்.

"அழாம, நல்லாப் பாத்துச் சொல்லும்மா" என்றார்.