அண்ணனை எங்கே வைப்பது

என் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெப வீட்டுக்குப் போக ஆரம்பித்தபோது எங்கள் குடும்பத்தில் யாரும் சண்டை போடவில்லை. ஏன் என்று கேட்டால், "அங்க போனா மனசு லேசா இருக்குது" என்பார். அதற்கு மேல் அவரிடம் விளக்கம் கிடையாது. அண்ணி மாறவில்லை. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போவதை அவள் விடவுமில்லை. திருவிழாவில் சாமி ஊர்வலம் வந்ததே அண்ணனுடைய டிராக்டரில்தான். அவர்தான் ஓட்டுவார். பொம்மிடிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் யாரும் இதை ஒரு விஷயமாகப் பேசி நான் கேட்டதில்லை.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பங்குனி மாதம், மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டப் போன அண்ணன் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். நல்லம்பள்ளியில் வாழ்க்கைப்பட்ட நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். ஊர் ஆண்கள் சுடுகாட்டில், அப்பாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில், குழி வெட்டப் போயிருந்தார்கள். அதுவரை அது சாதாரண சாவு வீடுதான்.

அப்புறம் டவுனில் இருந்து இரண்டு கார்கள் வந்தன. இறங்கியவர்கள் யாரும் அண்ணனைப் பார்த்ததே இல்லை. நெற்றி நிறையத் திருநீறு வைத்திருந்த ஒருவர், மதம் மாறியவரை இந்துக்கள் சுடுகாட்டில் புதைக்கக் கூடாது என்றார். அவர் பேசுவதைப் பக்கத்தில் ஒருவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் குழி வெட்டப் போனவர்கள் மண்வெட்டியோடு திரும்பி வந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் சித்தப்பா முறை.

"எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா பெரிய பெரிய ஆளுங்க சொல்றாங்க. நாளைக்கு நம்ம கோயில் வேலைக்கு அவங்கதான் வரணும்" என்றார்.

"உங்க கூடத்தான அவர் வளந்தாரு, சித்தப்பா?"

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

இது போதாதென்று கிறிஸ்தவ சபைகளின் கூட்டமைப்பு என்று சொல்லிக்கொண்டு ஒரு வேன் வந்தது. அண்ணன் போன ஜெப வீட்டுப் பாஸ்டர் சாதுவான மனிதர். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். வேனில் வந்த தலைவர் அவரை ஓரமாகத் தள்ளிவிட்டு, "பாடிய எடுத்துட்டுப் போய் ரோட்ல வைப்போம். மறியல் பண்ணாத்தான் கலெக்டர் வருவாரு" என்றார். என் அண்ணன் அவருக்குப் 'பாடி' ஆகிவிட்டிருந்தார். பின்னாலேயே கட்சிக்காரர் ஒருவர் வந்தார். திருநீறு வைத்தவரிடம் தனியாகப் பேசினார், வேன்காரரிடம் தனியாகப் பேசினார். எங்களிடம் வந்து, "எலெக்ஷன் நேரங்க. ரெண்டு பக்கமும் மனசு நோவாம முடிக்கணும்" என்றார்.

எங்கள் மனசைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் தாசில்தார் ஆபீசில் இருந்து ஓர் அதிகாரி போலீசோடு வந்தார். பந்தலுக்குள் நாற்காலி போட்டுப் பேச்சுவார்த்தை நடந்தது. சாதிச் சான்றிதழில் என்ன போட்டிருக்கிறது, ஞானஸ்நானம் வாங்கினாரா, யார் பார்த்தது என்று இரண்டு பக்கமும் மாறி மாறிக் கேட்டார்கள். சான்றிதழில் இந்து என்று இருந்தது. உடனே திருநீறு வைத்தவர், "அப்ப நம்ம முறைப்படி செய்யலாம், பாஸ்டர் வாயே திறக்கக் கூடாது" என்றார். வேன்காரர் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டோம் என்றார். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் நின்று நின்று வந்தது. பந்தலில் ஒருத்தர்கூட எழுந்து போய் அதைப் பார்க்கவில்லை.

சொந்த நிலத்திலாவது வைக்கலாமா என்று நான் கேட்டேன். அதற்கும் அனுமதி வேண்டும், உடனே கிடைக்காது என்றார் அதிகாரி.

அப்போதுதான் அண்ணி எழுந்து வந்தாள். "சார், நான் அவரு சம்சாரம். என்னைய யாருமே கேக்கல" என்றாள். "பாஸ்டர் இங்க எங்க வூட்லயே ஜெபம் பண்ணட்டும். அப்புறம் எங்க மாமனார் பக்கத்துல வைங்க. அவ்ளோதான் நான் கேக்கறது."

பாஸ்டர் உடனே தலையாட்டினார். எனக்கும் மூச்சு வந்தது. ஆனால் வேன்காரர், "இதை விட்டுக்குடுத்தா நாளைக்கு எங்கயுமே நமக்கு இடமில்ல" என்றார். திருநீறு வைத்தவர், "இங்க விட்டா எல்லா ஊர்லயும் இதேதான் நடக்கும்" என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்ட வேண்டும்போல் இருந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தூரத்தில் இருந்த ஒரு சர்ச்சின் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவதென்று முடிவானது. இரண்டு பக்கமும் அவரவர் ஆட்களிடம், தாங்கள்தான் ஜெயித்தோம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

எங்கள் ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் அப்படித் தடை எதுவும் இல்லை. அதனால் நானும் அண்ணியும் குழி வரைக்கும் போனோம். அண்ணி கை நிறைய மண் அள்ளிப் போட்டாள். அன்றைக்கு நடந்ததில் எங்களுக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான். அதையும் யாரும் நினைத்துக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரமே அண்ணனுடைய போட்டோ இரண்டு விதமாக வாட்ஸப்பில் சுற்றியது. ஒன்றில் ஏமாற்றி மதம் மாற்றப்பட்டவர், இன்னொன்றில் விசுவாசத்துக்காகப் பாடுபட்டவர். மரவள்ளி விலையைப் பற்றி மட்டுமே புலம்பிக்கொண்டிருந்த மனிதர் அவர். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராக அந்தப் போட்டோவுக்கு மாலை போட்டார்கள். மூன்றாவது ஆள் வந்தபோது அண்ணி கதவைத் திறக்கவில்லை.

காரியம் முடிந்து, அண்ணியோடு கல்லறைக்குப் போனேன். தேங்காய், பூ, கற்பூரம் எல்லாம் எடுத்து வந்திருந்தாள். காவலாளி ஓடி வந்தார்.

"இங்க கற்பூரம் ஏத்தக் கூடாதும்மா. கமிட்டியில திட்டுவாங்க."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "எங்க ஊர்ல ஜெபம் பண்ணக் கூடாதுன்னாங்க. இங்க கற்பூரம் கூடாதா? எம் புருசனுக்கு நான் என்னதாங்க பண்றது?"

காவலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, "சீக்கிரம் ஏத்திட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கேட் பக்கம் நடந்தார். காற்று பலமாக இருந்தது. நான் முந்தானையால் மறைத்துப் பிடித்தேன். அண்ணி தீக்குச்சியைக் கிழித்தாள்.