முன்கூட்டி வாங்காதவர்

ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு மலை விளிம்பில், பாராகிளைடரில் நம்மைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பறக்கும் பைலட் அவர். வெயிலில் கருத்த முகத்தில், கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்திருக்கும். நிமிடத்துக்கொரு முறை காய்ந்த புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டு, அது போகும் திசையைப் பார்ப்பார்.

என் பை மேலேயே இருக்கும், இறங்குவதோ அடிவாரத்தில். அதனால் பறக்கும் முன்பே டிப்ஸாக ஐந்நூறு ரூபாயை நீட்டினேன்.

"வாணாம் சார். கீழ எறங்கனப்புறம் குடுங்க."

"இப்பவே வாங்கிக்கிட்டா இன்னாங்க?"

"வாங்கிட்டா, காத்து சரியில்லன்னு சொல்ல வாய் வராது சார். ஒருவாட்டி வாங்கிட்டேன்."

அப்போது என்ன நடந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் மறுபடியும் புல்லைக் கிள்ளி விட்டார். அதுவரை எதிர்க்காற்றில் எங்கள் மேலேயே வந்து விழுந்த புல், இப்போது பள்ளத்துக்குள் போனது. காற்று முதுகுப்பக்கம் திரும்பிவிட்டது; எதிர்க்காற்று இல்லாமல் ஓடிக் கிளம்புவது ஆபத்து. எனக்கு மாட்டியிருந்த வார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"இன்னிக்கு வாணாம் சார். பஸ்ஸப் புடிச்சிப் போய்டுங்க."

சற்றுத் தள்ளி இன்னொரு பைலட், ஒரு பெண் கொடுத்த நோட்டைச் சட்டைப்பையில் செருகிவிட்டு அவளுக்கு வார் மாட்டிக்கொண்டிருந்தார். இவர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். அவர் உதறினார்.

போளூர் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம்தான் கிடைத்தது. ஐந்நூறு ரூபாய் கைக்குள்ளேயே கசங்கிக் கிடந்தது. மலை இறங்கி முடிக்கும்வரை வானத்தை நான் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.