ஜூன் மாதத்தில் வீடு காட்டுகிறவர்

பாலைவனத்து ஊரான எங்கள் டூசானில் வீட்டுத் தரகர்கள் எல்லோரும் ஆட்களைப் பிப்ரவரியில்தான் வரவழைப்போம். இதமான வெயில், ஆரஞ்சு மரங்களில் மொட்டு, தூரத்தில் நீல மலை. வடக்கே பனியில் நடுங்கிக் கிடந்தவன் வந்து இறங்கியதுமே வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவான். இதில் என்ன தப்பு? ஆனால் என் பக்கத்து மேசை ஹெர்மினியா அக்காவுக்கு இது ஆகாது. "ஜூன் கடைசியில வாங்க, மத்தியானமா வாங்க. அப்பவும் ஊரு பிடிச்சா வீடு பேசலாம்" என்று தொலைபேசியில் சொல்வார். பாதிப் பேர் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற இப்படியொரு தரகரை நான் கண்டதில்லை. அவரிடம் வீடு வாங்கினவர்கள் யாரும் ஊரை விட்டு ஓடியதில்லை என்பதும் உண்மைதான். எனக்கு அதில் எரிச்சல்.

போன வருஷம் அந்த ஜூன் விதி அவர் வீட்டுக்கே வந்தது. ஒரே மகன் ராமிரோ பல வருஷமாக மினசோட்டாவில் இருக்கிறான். மனைவி ஆஸ்ட்ரிட் அந்தப் பனியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவனுக்கு இங்கே ஒரு வேலை தகைந்தது. ஆஸ்ட்ரிட் வந்து பார்த்துச் சரி என்றால் குடிவருவார்கள், இல்லையென்றால் இல்லை.

"அம்மா, பிப்ரவரியில கூட்டிட்டு வர்றேன்" என்றான் போனில்.

"ஜூன்ல வா."

"ஜூன்ல வந்தா அவ அடுத்த பிளேன்லயே திரும்பிடுவா."

"திரும்பினா திரும்பட்டும். மறைச்சுக் கூட்டிட்டு வந்து, அவ காலம் பூரா என்னை முறைக்கணுமா?"

அவன் பட்டென்று வைத்துவிட்டான். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏங்க்கா, சொந்தப் பிள்ளைகிட்டயுமா இந்த வீம்பு?"

"அவன் பக்கத்துல இருக்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா, இக்னாசியோ? அதுக்காக அந்தப் பொண்ணை ஏமாத்த முடியாது. நீ உன் வேலையப் பாரு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜூன் கடைசியில் வந்தார்கள். அனல் என்றால் அனல். முதல் நாளே காரின் பெல்ட் கொக்கியைத் தொட்டு ஆஸ்ட்ரிட் விரலைச் சுட்டுக்கொண்டாள். மளிகைக் கடைக்குப் போனபோது, வாசலில் இத்தனை இடம் காலியாக இருக்க, அக்கா எதற்கு வண்டியைக் கோடியில் ஒரு கருவேல மரத்தடிக்குக் கொண்டுபோகிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"இவ்வளவு தூரம் நடக்கணுமா, அத்தை?"

"நாம நடந்தா பரவாயில்ல. வண்டி வெயில்ல வேகக் கூடாது."

மறுநாள் நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது குளியலறையிலிருந்து ஒரு கூச்சல். பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டியிருக்கிறது. "கோடையில பூமிக்குள்ள குழாயே கொதிக்கும்மா. ஹீட்டர் தொட்டி வீட்டுக்குள்ள குளிர்ல இருக்கு, அதை அணைச்சு வெச்சிருக்கேன். வெந்நீர்க் குழாயைத் திற, குளுகுளுன்னு வரும்" என்றார் அக்கா கதவுக்கு வெளியிலிருந்து. உள்ளே குழாய் திருகுகிற சத்தம். பிறகு ஒரே சிரிப்பு. எனக்கு அப்போதே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

புனித யோவான் திருநாள் வந்தது. அன்றுதான் எங்களுக்கு மழைக்காலப் பிறப்பு. சிலையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவோம், ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் தெளிப்போம். ஆஸ்ட்ரிட் தொப்பலாக நனைந்து குழந்தைகளோடு கும்மாளம் போட்டாள். மலைமேல் ஒரு மேகம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"மழை எப்ப வரும், அத்தை?"

"எங்கிட்ட ஏன் கேக்கறே? அவரைக் கேளு" என்று சிலையைக் காட்டினார் அக்கா.

அவர்கள் தங்கள் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், மாம்பழப் பாகு ஊற்றிய ஐஸ் சீவல் சாப்பிடக் கிளம்பினோம். ஆஸ்ட்ரிட் ஓட்டினாள், ராமிரோ பக்கத்தில், அக்காவும் நானும் பின்னால். அதுவரை அவள் ஊரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

கடை வாசலில் வரிசையாக இடம் காலி. ஆஸ்ட்ரிட் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டினாள். கோடியில் கருவேல மரத்தடியில் ஒரு கிழவர் மெதுவாகத் தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். அவர் நகரும்வரை அவள் காத்து நின்றாள்.

"வாசல்லயே இவ்வளவு இடம் கிடக்குதே" என்றான் ராமிரோ. இந்த மண்ணில் பிறந்தவன் பேசுகிற பேச்சைப் பாருங்கள்.

"உனக்கென்ன பைத்தியமா? திரும்பி வந்து அடுப்பு மேலயா உக்காருவே?" என்றாள் ஆஸ்ட்ரிட்.

அக்கா என் கையை எலும்பு நொறுங்கப் பிடித்தார். வண்டி நிழலுக்குள் போய் நின்றது. ஆஸ்ட்ரிட் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தாள்.

"அத்தை, நாளைக்குப் பிளேன் சாயங்காலம்தானே. காலையில ரெண்டு வீடு காட்டுவீங்களா?"

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ராமிரோ பாவம், ஒன்றும் புரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அக்கா மூக்கை உறிஞ்சித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காலையில வேணாம்மா. மத்தியானம் போலாம். அப்பத்தான் எந்த ஜன்னல்ல வெயில் அடிக்குதுன்னு தெரியும்."