தங்கையைப் பார்க்கப் போகாத தாத்தா

பிள்ளைகளே, உங்கள் தாத்தா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அதிகம் படிக்காதவன் நான். தெரிந்தவரையில் எழுதுகிறேன்.

தாத்தா பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். இரு நாட்டு ஒப்பந்தப்படி அங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது, அங்கேயே வாழ்க்கைப்பட்டிருந்த ஒரே தங்கை, என் அத்தை, வர முடியவில்லை. தாத்தா அண்ணாகிராமம் பக்கம் முந்திரித் தோப்பில் கூலிக்கு நின்றார். குத்தகை எடுத்தார். பட்டினி கிடந்து கொஞ்சம் நிலம் வாங்கினார். பட்டா, ரேஷன் என்று வந்தவர்களுக்காகவெல்லாம் கடலூருக்கு அலைந்து அலைந்தே ஊராட்சித் தலைவரானார். பிறகு சட்டமன்றத்துக்கு நின்றார்.

எதிர்த்து நின்றவர் கடைத்தெருவில் வைத்தே சொன்னார்: “சிலோன்காரரு ஜெயிச்சதும் கப்பல் ஏறிடுவாரு. அப்பறம் எங்க போயி தேடுவீங்க?”

“கப்பல்னாலே எனக்கு வாந்தி மாமா. சந்தேகமா இருந்தா உங்க வூட்டுலயே ஒரு ரூம் குடுங்க, கண்ணு முன்னாடியே இருக்கேன்!” என்றார் தாத்தா.

ஊரே சிரித்தது. தாத்தா ஜெயித்தார். ஆனால் அந்தப் பேச்சு அவர் நெஞ்சில் தைத்துவிட்டது. தங்கையைப் பார்க்க ஒரு தடவை போய் வந்தால்கூட, ‘பாத்தியா, போயிட்டாரு’ என்பார்களே என்று பயந்தார். பதவி போன பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

அத்தை போனில் கேட்பார்: “எப்ப வர்றீங்க அண்ணே?”

“முந்திரி சீசன் முடியட்டும்மா.”

“ஒங்க ஊர்ல மட்டும் வருஷம் பூரா சீசனா?”

அத்தையாலும் வர இயலவில்லை. அங்கே மாமா படுத்த படுக்கை.

சிதம்பரத்தில் மருத்துவமனையில் இருந்தபோது தாத்தா என் கையைப் பிடித்தார். “இனிமே யாரு என்னா சொன்னா என்னாடா. எனக்கு பாஸ்போர்ட்டுக்குப் போடு.” போடுகிறேன் என்றேன். தாத்தா வீடு திரும்பவில்லை.

அத்தை வரும்வரை உடலை வைத்திருக்கலாமா என்று தவித்தோம். அவரே போனில் அழுதுகொண்டு சொன்னார்: “எடுத்துருங்கப்பா. காத்துக் கெடந்து பழக்கம் எனக்குத்தான். அண்ணனுக்கு வேணாம்.”

மாமாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு, கருமாதியன்று காலையில்தான் அத்தை வந்து சேர்ந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு பிடி அரிசி. “வாய்க்கரிசி போடணும்னு முடிஞ்சு கொண்டாந்தேன். இனி இத எங்க போடுறது?”

உங்கள் அம்மாதான் அதை இரு கையாலும் வாங்கி, கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையில் போட்டாள்.

மருத்துவமனையில் கண்விழித்தவர்களுக்கும், தாத்தாவுக்குத் தோள் கொடுத்த ஊராருக்கும், எதிர்த்து நின்றும் முதல் ஆளாய் மாலையோடு வந்த பெரியவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஊராரே, அன்று எங்கள் வீட்டில் கை நனைத்த நீங்கள் எல்லோரும், அறியாமலே, என் அத்தை கொண்டுவந்த அரிசியையும் சேர்த்து உண்டீர்கள். அதற்கும் நன்றி.