ஃபேமிலி ஊர்ல இருக்காங்க

கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டால் சுதந்திரமாக இருக்கலாம் என்று நம்பிய மடையன் நான். சும்மா நம்பவில்லை, ஆராய்ச்சி செய்து நம்பினேன். பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போக விரலைத் தூக்க வேண்டியிருந்தது. கல்லூரியில் ஒரு விரிவுரையாளர் என் தலைமுடியை ஸ்கேல் வைத்தே அளந்தார். வேலைக்குச் சேர்ந்தால் அரை மணி நேரம் தாமதமாக வருவதற்குப் ‘பெர்மிஷன்’ என்று ஒன்று, அதுவும் மாதத்துக்கு இரண்டுதான். இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் நாற்காலியைப் போட்டு என் குறுக்கே உட்கார்ந்துகொண்டு காரணம் கேட்கிறார். அடுத்த கட்டத்தில் மனைவி, மாமனார், மச்சினன், சம்பந்தி என்று வரிசையாகப் பத்து நாற்காலி. வாசலிலேயே அடைத்துவிட்டால் தீர்ந்தது என்று இருபத்தெட்டாவது வயதில் முடிவு செய்தேன். வந்த ஜாதகங்கள் எதுவும் பொருந்திவிடாமல் பார்த்துக்கொண்டேன். அம்மா அழுதாள். அன்றைக்கு நான் லஸ் முனையில் ஒரு ரவா தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். கொண்டாட்டமாம்.

இருபத்துநான்கு வருடம் எல்லாம் சரியாகத்தான் போயிற்று, அதை மறுக்க முடியாது. கடைசிப் பத்தொன்பது வருடம் மயிலாப்பூர் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் இரண்டாவது மாடி. வீட்டுக்காரர் காது மந்தமான பெரியவர். அவரும் எதையும் கேட்க மாட்டார், அவருக்கும் எதுவும் கேட்காது. போன தை மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மறு வாரமே மகன்கள் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட பில்டரிடம் கொடுத்துவிட்டார்கள். காலி செய்ய மூன்று மாதம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சொந்தமாக வாங்கலாமென்றால் வங்கிக்காரர்கள் என் பிறந்த வருடத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்கிறார்கள். போகட்டும், வாடகைக்கா வீடு கிடைக்காது? மூன்று மாதம் எதற்கு, மூன்று வாரம் போதும் என்று அந்த மகன்களிடம் பெருந்தன்மையாகச் சொன்னேன்.

வீட்டு புரோக்கர் ஒருவரைப் பிடித்தேன். அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து முதல் தெருவைத் தாண்டுவதற்குள் கேட்டார்.

“எத்தினி பேரு சார்?”

“நான் ஒருத்தன்தான்.”

“ஃபேமிலி ஊர்ல கீதா?”

“ஃபேமிலியே இல்லைங்க.”

வண்டியை ஓரம் கட்டினார். திரும்பி, காதோரத்து நரையிலிருந்து செருப்பு வரைக்கும் என்னை ஒரு தடவை பார்த்தார்.

“அப்ப நீ பேச்சிலரா?”

இந்த ஊரில் ஃபேமிலி என்றால் குடும்பம் என்று அர்த்தமில்லை. மனைவி என்று அர்த்தம். ‘என் ஃபேமிலிக்கு சுகர்’ என்பார்கள். ஊரில் ஒரு ஃபேமிலி இருந்துவிட்டால் இங்கே ஒண்டியாக எத்தனை வருடம் கிடந்தாலும் ஒருவன் கண்ணியமானவன். அது இல்லாதவன் வழுக்கை விழுந்த பிறகும் பேச்சிலர். ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்று எழுதிய பலகைகளைப் பத்தொன்பது வருடம் பார்த்துக்கொண்டு நடந்தவன்தான் நான். அவை இருபத்திரண்டு வயதுப் பையன்களுக்காக எழுதப்பட்டவை என்று நினைத்திருந்தேன்.

ஆழ்வார்பேட்டையில் முதல் வீடு. மாடிப் போர்ஷன், நல்ல காற்று. வீட்டுக்கார மாமி கதவைப் பாதி திறந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“பேச்சிலருக்குக் குடுக்கறதில்லையே.”

“மாமி, எனக்கு ஐம்பத்திரெண்டு.”

“அதான் பயமா இருக்கு. இருபத்தஞ்சு வயசுப் பிள்ளையாண்டான்னா இன்னிக்கில்லாட்டா நாளைக்குக் கல்யாணம் ஆயிடும். நீங்க இனிமே என்ன ஆகப்போறேள்?”

குத்திக்காட்டவில்லை, நிஜமான அக்கறையோடுதான் கேட்டாள். “வெயில்ல வந்திருக்கேள், மோர் சாப்ட்டுட்டுப் போங்கோ” என்றாள். குடித்துவிட்டு இறங்கினேன். பெருங்காயம் சரியாகப் போட்டிருந்தாள்.

அடையாறில் ஓர் அடுக்குமாடி. அங்கே வீட்டுக்காரர் சம்மதித்தார், சங்கம் சம்மதிக்கவில்லை. சங்கச் செயலாளர் ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். தனி ஆள் என்றால் செயற்குழு கூடி முடிவெடுக்க வேண்டுமாம்.

“நாய் வெச்சிருந்தாக்கூடப் பிரச்சினை இல்ல சார். தடுப்பூசி சர்ட்டிபிகேட் குடுத்தாப் போதும்.”

“எனக்கும் கொரோனா ஊசி மூணு போட்டிருக்கு சார். சர்ட்டிபிகேட் போன்லயே இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. காத்திருந்த நேரத்தில் அறிவிப்புப் பலகையைப் படித்தேன். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது. பிள்ளைகள் பந்து விளையாடக் கூடாது. வேலைக்கு வருகிறவர்கள் பின்பக்க லிஃப்டில்தான் ஏற வேண்டும். வருகிற விருந்தாளி வாசலில் முகத்தைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குள் நுழையத்தான் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று உறைத்தது. உறைத்து என்ன? ஒரு வாரம் கழித்து ‘வருந்துகிறோம்’ என்று வாட்ஸாப் வந்தபோது அழுகை வருகிற மாதிரி இருந்தது.

மேடவாக்கம் வரைக்கும் போய்ப் பார்த்தாயிற்று. ஊர் மாறிக்கொண்டே வந்தது, கேள்வி மட்டும் மாறவில்லை.

மூன்றாவது மாதம் பிறந்தது. நான் பீதியடைவது பார்ப்பவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. போக இடம் முடிவாகாமலே எல்லாவற்றையும் அட்டைப்பெட்டிகளில் கட்டினேன். மறுநாள் காலை காபி ஃபில்டருக்காக நான்கு பெட்டியைப் பிரித்தேன். பிரித்ததை மறுபடியும் கட்டினேன். தண்ணீர்க் குழாய் சொட்டினால் இடிக்க வந்துவிட்டார்களோ என்று ஜன்னலுக்கு ஓடினேன். மணிக்கட்டில் விரலை வைத்து நாடியை எண்ணி, நூற்றுப்பத்து என்று வந்ததும் அந்தப் பயத்தில் நூற்று இருபதாக்கினேன்.

கடைசியில் மூளைக்கு ஒரு வெளிச்சம். ஃபேமிலி இருந்தால்தானே வீடு? பண்ணிக்கொண்டால் போயிற்று. ஒரு திருமணத் தளத்தில் பதியப்போனேன். வயது, ராசி, நட்சத்திரம் எல்லாவற்றையும் கூச்சத்தோடு நிரப்பினேன். அடுத்த கட்டம்: ‘வசிப்பிடம் – சொந்த வீடு / வாடகை வீடு / பெற்றோருடன்.’ ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். வீடு வேண்டுமென்றால் பெண் வேண்டும், பெண் வேண்டுமென்றால் வீடு வேண்டும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அட்டைப்பெட்டி மேலேயே படுத்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் எனக்குப் பின் இருக்கையில் ஒரு பெண்மணி. அவருடைய கணவர் மஸ்கட்டில் வேலையாக இருக்கிறார் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். மதியம் நான் தயிர்சாதத்தை வெறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து என்னவென்று விசாரித்தார். ஆழ்வார்பேட்டை மோர், அடையாறு நாய், திருமணத் தளம் என்று நடித்தே காட்டினேன். அவர் சிரிக்காமல் டப்பாவை மூடினார்.

“சார், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். மஸ்கட்ல யாரும் இல்ல.”

“வேலையை விட்டுட்டாரா?”

“ஆளே இல்ல சார். டைவர்ஸ் ஆகிப் பத்து வருஷம் ஆச்சு. அதைச் சொன்னா யார் வீடு தராங்க? உங்களுக்காவது மோர் குடுத்தாங்க.”

பிறகு தாழ்ந்த குரலில் விவரங்களைச் சொன்னார். வாசலில் அந்த மஸ்கட் கணவருக்கென்று ஒரு ஜோடி செருப்பு, ஒன்பதாம் நம்பர். வாரத்துக்கு ஒரு தடவை துடைத்து வைக்க வேண்டும், பாசமுள்ள மனைவி என்றால் துடைப்பாள். வருடத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கார அம்மாவுக்கு மஸ்கட் பேரீச்சம்பழம், பர்மா பஜாரில் வாங்கியது. சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிட முடியாது, வாய் தவறி யாராவது உளறிவிடுவார்கள். போனில் சத்தமாகச் சிரிக்கக்கூட முடியாது. புருஷன் வெளிநாட்டில் கஷ்டப்படும்போது அவளுக்கு என்ன சிரிப்பு என்பார்கள்.

“பத்து வருஷமா லீவுலகூட வரலையா அவர்?”

“கம்பெனியில விட மாட்டேங்கறாங்க சார்” என்றார், பழக்கத்தில். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

என் மூஞ்சியில் ஏதோ ஓடியிருக்க வேண்டும். டப்பாவைக் கூடையில் வைத்தபடியே சொன்னார்: “அந்த யோசனை வேணாம் சார். நான் கல்யாணமானவ.”

புரோக்கரும் அதே வைத்தியத்தைத்தான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். “ஃபேமிலி ஊர்ல கீதுன்னு ஒரு வார்த்தை சொல்லு சார். உன்னாண்ட யாரு வந்து எண்ணிப் பாக்கப் போறான்?” தி. நகரில், பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு வீட்டைக் காட்டினார். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் கீழே, காலியாக இருந்த போர்ஷன் மேலே. ஃபேமிலி ஊரிலா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு உட்கார நாற்காலி வந்தது, தட்டில் முறுக்கு வந்தது. தஞ்சாவூரில் டீச்சர் என்றேன். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள், மாற்றலுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், மூட்டுவலி கொஞ்சம் உண்டு, மாடி ஏறுவதுதான் யோசனை. நன்றாகவே வந்துகொண்டிருந்தது. “படிக்கட்டுக்குப் பக்கத்துல கைப்பிடி போட்டுத் தந்துடலாம்” என்றார் வீட்டுக்கார அம்மா.

வீட்டுக்காரர் பேனாவைத் திறந்தார். “அக்ரிமென்ட்ல ரெண்டு பேர் பேரையும் எழுதிடலாம். அவங்க பேர் என்ன?”

பேர் வைக்க மறந்திருந்தேன்.

தமிழ்நாட்டில் பெண் பெயருக்கா பஞ்சம்? ஒன்றும் வரவில்லை. வந்த ஒரே பெயர் என் அம்மாவுடையது. அதைச் சொல்ல வாய் எழவில்லை. புரோக்கர் என் காலை மிதித்தார். அப்போது அந்த அம்மா கலகலவென்று சிரித்தார்.

“பாருங்களேன், பொண்டாட்டி பேரைச் சொல்ல இந்த வயசுல வெக்கப்படறார்! நீங்க என்னைக்காவது எனக்காக இப்படி வெக்கப்பட்டிருக்கீங்களா?”

“நான் எதுக்கு வெக்கப்படணும்? கூப்பிட்டா நீ திரும்பினாத்தானே.”

எல்லாரும் சிரித்தோம். புரோக்கர்கூடச் சிரித்தார். ஏதாவது ஒரு பெயரை நிதானமாகச் சொல்லியிருக்கலாம். வீடு கிடைத்த மாதிரிதான். ஆனால் இனி அந்தப் பெயரை வருடக்கணக்காகத் துடைத்து வைக்க வேண்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. நாடி காதுக்குள் அடித்தது. யாரும் கேட்காமலே என் வாய் சொல்லிவிட்டது:

“எனக்குக் கல்யாணமே ஆகலை சார்.”

அந்த அம்மாவின் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. “அப்ப அந்த டீச்சர்?”

“இல்லைம்மா.”

“மூட்டுவலின்னீங்களே...”

நிஜமாகவே அவருக்கு வருத்தமாக இருந்தது. வீட்டுக்காரர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. “முதல்லயே உண்மையைச் சொல்லியிருந்தீங்கன்னா வேற விஷயம். பொய் சொல்றவருக்கு எப்படி சார் வீடு குடுக்கறது?” பதினோரு வீட்டில் முதலிலேயே உண்மையைச் சொல்லிப் பார்த்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

தெருவுக்கு வந்ததும் புரோக்கர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“இன்னா சார் நீ! அந்தம்மாவே உனக்கு எட்த்துக் குட்த்திச்சே! கைல வந்த ஊட்ட எவனாச்சும் உட்டுட்டு வருவானா?”

“பயந்துட்டேங்க.”

“இன்னாத்துக்கு? ஜெயிச்சதுக்கா?”

சும்மாவே ஜோக்கடிக்கிறவன் நான். இரண்டு நாளைக்கு எனக்கு ஒன்றும் வரவில்லை.

மிச்சமிருந்தது திருவல்லிக்கேணி மேன்ஷன்தான். பேச்சிலர்களுக்கென்றே கட்டியது. அங்கேயுமா கேட்பார்கள் என்று போனோம். மேனேஜர் என்னைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். “முப்பத்தஞ்சுக்கு மேல சேர்த்துக்கறதில்ல சார். திடீர்னு உடம்புக்கு ஏதாவது ஆயிட்டா நாங்க யாருக்கு போன் பண்றது? பெரியவங்க யாராவது கூட வந்து கையெழுத்துப் போட்டாப் பாக்கலாம்.” எனக்குப் பெரியவர்கள் என்று யாரும் உயிரோடு இல்லை.

மாதக் கடைசியில் என் தங்கை அரை நாள் பெர்மிஷன் போட்டுவிட்டுத் தாம்பரத்திலிருந்து ரயிலில் வந்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். ‘பாதுகாவலர்’ என்று அச்சடித்திருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மூன்றாவது மாடியில் பத்துக்கு எட்டு அறை. சமைக்கக் கூடாது, விருந்தாளி கூடாது, இரவு பத்தரைக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அங்கேதான் இருக்கிறேன்.