துணிக்கடியில் ஒரு துருக்கப்பல்

சுங்கை வே பட்டறை ஒன்றில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் சுகுமாறனுக்கு ஒரு வாரமாக நிம்மதியே இல்லை. பேத்தி பிறந்தநாளுக்கு மூழ்கிப்போன கப்பல் பொம்மை கேட்டிருந்தாள். மேலெல்லாம் துரு வேண்டுமாம், கைவிட்டுப் புதையல் எடுக்கப் பெரிய ஓட்டையும் வேண்டுமாம்.

முப்பது வருடமாகத் துருவைச் சுரண்டி, பள்ளத்தில் பட்டி பூசி, பழையதைப் புதிதாக்கிய மனிதர். பழைய சாமான் சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் கப்பலின் விலாவைச் சூடான கம்பியால் மனசில்லாமல் கிழித்தார். பழுப்பு அடித்து, உப்பைத் தூவி, மேலே வெள்ளை அடித்து, காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்த்தார். அசல் துரு! ஆனால் கஸ்டமர் யாராவது பார்த்துவிட்டு, இவர் வேலையே இப்படித்தான் போல என்று நினைத்துவிட்டால்? இருபது வருடமாகக் கூட வேலை செய்யும் ரபீக்கிடம்கூடச் சொல்லாமல் பழந்துணியால் மூடி வைத்தார்.

சனிக்கிழமை கேக் வாங்கக் கிளாங் போனவர் ஜாமில் மாட்டிக்கொண்டார். "அப்பா, நாங்க பட்டறைக்குக் கிளம்பிட்டோம்" என்று மகள் போன் செய்தாள். அடித்துப் பிடித்துப் பட்டறைக்குள் நுழைந்தால், துணியைக் காணோம்.

"பேத்திக்குத்தானே அண்ணே? உடைஞ்சதையா கொடுப்பீங்க? சொல்லியிருந்தா நேத்தே முடிச்சிருப்பேன் லா" என்று சிரித்தான் ரபீக்.

மேசைமேல் கப்பல் வெள்ளை வெளேரென்று மின்னியது. வாசலில் மகளின் கார் ஹார்ன் கேட்டது. சுகுமாறன் கப்பலை எடுத்துத் திருப்பித் திருப்பித் தடவினார். ஓட்டை எங்கே இருந்தது என்று அவர் விரலுக்கே தெரியவில்லை.